வயது கடந்தது யாருக்கு?

“டீச்சரம்மா, நீங்க போட்டுக்கிட்டீங்களா?”

கேட்டவர், என் வகுப்பில் படிக்கும் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் தாய். இடம், ஒரகடத்தை அடுத்த ஒரு பள்ளியின் வேப்ப மரத்தடி. நேரம், பெற்றோர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மாலை. அரைமணி நேரம் மூச்சு விடாமல் முழங்கி முடித்திருந்தேன் நான். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்பது என்ன, அது எந்தக் கிருமியால் வருகிறது, அதைத் தடுக்கும் ஊசி எது, 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை 14 வயதுச் சிறுமியர்க்கு அதைப் படிப்படியாக அளிப்பதற்கென 36 கோடி ரூபாய் அறிவித்த செய்தி — அனைத்தையும் சொல்லி, அஞ்ச வேண்டா, ஐயம் வேண்டா, முறை வந்ததும் பெண்ணை முன்னே நிறுத்துங்கள் என்று முடித்திருந்தேன். கைதட்டினார்கள். அந்தத் தாய் மட்டும் கைதட்டவில்லை. இரவு வேலை முடித்து, உறங்காத கண்களோடு வந்தவர். கூட்டம் கலைந்ததும் அருகே வந்து இந்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்.

ஊருக்குத்தான் உபதேசமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தவறில்லை. நான் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வயது 27.

“எனக்கு வயசு தாண்டிடுச்சும்மா” என்றேன்.

“எனக்குந்தான்” என்று சிரித்துவிட்டுப் போனார் அந்த அம்மையார்.

சிரித்துவிட்டுப் போனவர், என் இரவு உறக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனார். வயது தாண்டிவிட்டது என்று எனக்கு யார் சொன்னது? மருத்துவர் சொன்னாரா? இல்லை. ஏடுகளில் படித்தேனா? அதுவும் இல்லை. 14 வயது என்று ஓர் அறிக்கையில் கண்டேன். 14 அல்லாத நான் அதற்கு உரியவள் அல்லள் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இராகு காலம் பார்த்துப் பேருந்து ஏறுபவரைக் கண்டு எள்ளி நகையாடுபவள் நான். நல்ல நேரம் கடந்துவிட்டது என்று கைபிசைந்து நிற்பவரிடம், நேரத்திலே நல்லது ஏது, கெட்டது ஏது என்று வாதிடுபவள் நான். அந்த நான், ஓர் எண்ணைக் கண்டதும், முகூர்த்தம் தவறிய மணப்பெண்ணின் தந்தைபோல் ஓய்ந்து உட்கார்ந்தேனே, ஏன்? எண் அச்சில் வந்ததாலா? அரசு முத்திரை அதன்மேல் இருந்ததாலா? அப்படியானால் பஞ்சாங்கத்தை மாற்றிக்கொண்டேனே தவிர, பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை!

தோழர்களே, அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். ஊசியைப் பற்றி மட்டும் அன்று.

முதலில் நோய். எச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாப்பிலோமா வைரசுகளில் பல வகை உண்டு. அவற்றுள் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே கருப்பைவாய்ப் புற்றுநோயில் பத்தில் ஏழு பங்குக்குக் காரணம். இதைக் கண்டறிந்த செர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின் வழி தொற்றும் இக்கிருமி, வாழ்நாளில் ஒருமுறையேனும் பெரும்பாலோரைத் தொட்டுவிட்டே போகிறது. தொட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம், இரண்டு ஆண்டுக்குள் உடலே அதை விரட்டிவிடுகிறது. எஞ்சியோரில் சிலரிடம் அது தங்கி, ஓசையின்றி 15, 20 ஆண்டுகள் வேலை செய்து, ஒருநாள் புற்றாக எழுகிறது. 2022-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களிடம் அது புதிதாகக் காணப்பட்டது. ஏறத்தாழ 80,000 பெண்கள் அதனால் மாண்டார்கள். ஊசி, வருவதைத் தடுக்கும். வந்து தங்கிவிட்டதை வெளியேற்றாது. ஆகவேதான் கிருமி அண்டும் வாய்ப்பு வருமுன், 9 முதல் 14 வயதுக்குள், போடுங்கள் என்கிறது உலக நல்வாழ்வு நிறுவனம். பொருள் உள்ள அறிவுரை. அதனோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால், ‘இந்த வயதில் போடுவது சிறந்தது’ என்ற சொல், ஊர் வாயில் நுழைந்து வெளிவரும்போது ‘இந்த வயதுக்குப் பிறகு கூடாது’ என்று ஆகிவிடுகிறதே, அங்கேதான் வழக்கு. பிந்தி விதைத்தால் விளைச்சல் குறையும் என்பான் உழவன். பிந்தி விதைப்பவன் பாவி என்று சொல்ல மாட்டான். ‘வயது கடந்துவிட்டது’ என்ற இரண்டு சொல்லுக்குள் மூன்று பேர் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர், பலன் குறைவு என்கிறார். இன்னொருவர், பணம் குறைவு என்கிறார். மூன்றாமவர் வாய் திறந்து சொல்வதில்லை. புருவத்தை உயர்த்துவதோடு சரி. அவர் சொல்ல வருவது, பண்பு குறைவு என்பது. மூவரும் ஒரே குரலில் பேசுவதால், யாருக்கு விடை சொல்வது என்று தெரியாமல் நாம் மூவருக்கும் தலைவணங்கிவிடுகிறோம்.

பலன் குறைவு என்பவரை முதலில் கேட்போம். அவர் நேர்மையானவர், கணக்கோடு வருபவர். சுவீடன் நாட்டில் ஏறத்தாழ 16,70,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்டார்கள் ஓர் ஆய்வு. 17 வயதுக்குமுன் ஊசி பெற்றவர்களிடம் இப்புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்திருந்தது. 17 முதல் 30 வயதுக்குள் பெற்றவர்களிடம் 53 விழுக்காடு. குறைவுதான். ஆயினும் 53 என்பது சுழியமா? தேர்வில் 88 வாங்கியவளை மேடையேற்றுகிறோம். 53 வாங்கியவளைப் பள்ளியைவிட்டுத் துரத்துகிறோமா? 24 முதல் 45 வயது வரையுள்ள ஏறத்தாழ 3,800 பெண்களிடம் பல நாடுகளில் செய்த சோதனை ஒன்றும் உண்டு. அதன் நிறைவான முடிவு 2011-இல் வந்தது. அந்த வகைக் கிருமி இன்னும் தொற்றாமல் ஊசிகளை முறையாகப் பெற்றுக்கொண்டவர்களிடம் தொற்று நிலைப்பதையும் அதன் விளைவுகளையும் ஏறத்தாழ 89 விழுக்காடு தடுத்தது. தொற்றியவர், தொற்றாதவர் எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பலன் 47 ஆகச் சரிந்தது. இரண்டு எண்ணையும் சொல்ல வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொல்பவன் வணிகன். இரண்டாவதை மட்டும் சொல்பவன் சோம்பேறி.

எல்லைக் கோடு நிலையானதும் அன்று. அமெரிக்க அரசு 2006-இல் முதன்முதலாக இவ்வகை ஊசிக்கு ஒப்புதல் அளித்தபோது வைத்த எல்லை 9 முதல் 26 வரை. 2018-இல் அந்த எல்லை 45 வரை நகர்ந்தது. இடையில் பெண்ணின் உடல் மாறிவிட்டதா? சான்று சேர்ந்தது, கோடு நகர்ந்தது, அவ்வளவே. அதே நாட்டின் அறிவுரைக் குழு 2019-இல் சொன்னது இன்னும் கவனிக்கத்தக்கது: 26 வரை எல்லாருக்கும் போடலாம்; 27 முதல் 45 வரை எல்லாருக்கும் என்று சொல்ல மாட்டோம், மருத்துவரும் அவரும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. ‘கூடாது’ என்னவில்லை, ‘பேசுங்கள்’ என்றது. நான் யாரிடமும் பேசாமலே முடிவு செய்துவிட்டேன்!

இந்த இடத்தில், ஊசி என்றாலே உள்ளம் பூரிக்கும் நம் தோழர்கள் சிலரிடமும் ஒரு சொல். மூடநம்பிக்கையை எதிர்ப்பதற்காக மருந்தின்மேல் மூடநம்பிக்கை வைப்பது முறையன்று. அந்தப் பாடத்தை உலகுக்குச் சொல்லிக்கொடுத்தது நம்முடைய மாவட்டம்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருப்பெரும்புதூர் அன்று அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 1968-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசிச் சோதனை தொடங்கியது. குழந்தை முதல் கிழவர் வரை, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஊர் ஊராகக் கை நீட்டினார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தற்ற நீர், யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கும் என்று உலகமே எதிர்பார்த்திருந்தது. ஏழரை ஆண்டுக் கணக்கு வெளிவந்தது: தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கணக்கும் அதையே சொன்னது. குழந்தைகளைத் தாக்கும் கொடிய மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறோம், சரியே. ஆனால் வளர்ந்தவர் பற்றிய ஆசை, நம் ஊர் மக்களின் தோளிலே சோதிக்கப்பட்டு, பொய்த்தது. பொய்த்ததைப் பொய்த்தது என்று அச்சிட்டார்களே, அதுதான் அறிவியல். அதன் பிறகும் கதவு சாத்தப்படவில்லை. 2024-இல் இந்திய அரசின் காசநோய்த் திட்டத்தார், வயது வந்தோரில் நோய் வாய்ப்பு மிகுந்தவர்களுக்குப் பி.சி.ஜி. கொடுத்துப் பார்க்கும் ஆய்வை மறுபடி தொடங்கினார்கள், தமிழ்நாட்டிலும். 60 வயதுக் கிழவர் தொட்டில் ஊசிக்குத் தோள் காட்டினார். அவரைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்தவில்லை.

ஆக, வயது கடந்த பின் எந்த ஊசியும் நன்று என்பதும் இல்லை, தீது என்பதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழக்கு, தனித்தனிச் சான்று.

பணம் குறைவு என்பவருக்கு விடை சொல்வது எளிது; விடை சொன்ன பின் வாழ்வதுதான் கடினம். அரசின் பெட்டியில் அளவான ஊசி இருக்கும்போது, அதிகப் பலன் பெறுவோர்க்கு முதலில் என்பது நீதி. 2019-இல் உலகெங்கும் இந்த ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 15 வயதைக் கடந்தோர்க்கும் ஆண் பிள்ளைகளுக்கும் போடுவதைச் சிறிது காலம் தள்ளிவைக்குமாறு உலக நல்வாழ்வு நிறுவனத்தின் வல்லுநர்கள் நாடுகளைக் கேட்டுக்கொண்டார்கள். அன்று நான் அடம்பிடித்திருந்தால், எங்கோ ஒரு சிறுமியின் பங்கைப் பறித்தவள் ஆவேன். இன்று அந்தத் தட்டுப்பாடு தணிந்துவிட்டது. புனே நகரத்துச் சீரம் நிறுவனத்தின் ‘செர்வாவாக்’ 9 முதல் 26 வயது வரை, பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒப்புதல் பெற்று, 2023-இல் வெளிவந்தது. நான் கடையில் வாங்கும் ஊசி எந்தச் சிறுமியின் ஊசியும் அன்று. ஆனால் விலை? வெளிவந்தபோது ஓர் ஊசி ஏறத்தாழ 2,000 ரூபாய். 15 வயதுக்குமேல் தொடங்குவோர்க்கு மூன்று ஊசி என்பது மருந்துத் தாளில் உள்ள கணக்கு. 20 வயது வரை ஒன்றே போதும், 21-க்குமேல் இரண்டு போதும் என்று உலக நல்வாழ்வு நிறுவனம் 2022 டிசம்பரில் தளர்த்திச் சொன்னாலும், நம் ஊர் மருத்துவமனைகளில் பெரும்பாலும் மூன்றுதான் கேட்கிறார்கள். ஆசிரியை ஆகிய என்னால் முடியும், முணுமுணுத்துக்கொண்டேனும் முடியும். ஆலையில் நின்றுகொண்டே எட்டு மணி நேரம் திருகாணி முடுக்கும் பெண்ணால்?

அவளைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும். 

திருப்பெரும்புதூர் — பலகைகளில் ஸ்ரீபெரும்புதூர் — ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் கோயில் திருவிழாவுமாக இருந்த ஊர். இன்று இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து, சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசி, ஒரகடத்தில் சரக்குந்தும் மோட்டார் சைக்கிளும். விடியுமுன் நெடுஞ்சாலையில் ஆலைப் பேருந்துகள் அணிவகுக்கும். சன்னலோரம் சாய்ந்து உறங்கும் பெண்முகங்கள், வாலாசாபாத்து, ஆர்க்காடு, விழுப்புரம், இன்னும் தொலைவிலிருந்தும் வந்த முகங்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட தங்குவிடுதி ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு சிறு நகரமே பெண்களால் ஆகியது! பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர். அவர்களுக்கு 14 வயது இருந்தபோது பள்ளியில் இந்த ஊசி பற்றிய பேச்சே இல்லை. திட்டம் வருமுன் வளர்ந்துவிட்டார்கள். வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை. பிறப்பை வைத்து விலக்குவதைக் கண்டு கொதித்தெழுந்த நாடு இது. பிறந்த ஆண்டை வைத்து விலக்குவதையும் அதனோடு ஒன்றாக வைத்துப் பேச மாட்டேன், அது மிகையாகும். ஆனால் விலக்கப்பட்டவளிடம் விளக்கமேனும் சொல்ல வேண்டாமா?

அவர்களில் ஒருத்தி என் பழைய மாணவி. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள், இப்போது 19. ஞாயிறன்று கடைத்தெருவில் கண்டு, நான் இந்த ஊசியைப் பற்றிப் பேச, அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

“டீச்சர், அது கல்யாணம் ஆகாதவங்க போட்டுக்கிட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா?”

மூன்றாமவர் வந்துவிட்டார்! புருவத்தை உயர்த்துபவர்!

நானே அவரைச் சந்தித்திருக்கிறேன். அந்தத் தாயின் கேள்விக்குப் பிறகு, நான்கு நாள் கழித்து, தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றேன். வரவேற்பு மேசையில் ஓர் அம்மையார்.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்லை.”

“நிச்சயம் பண்ணியிருக்கா?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்கு?”

நான் விடை தேடுமுன் எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பினார். அவரும் அதே ஊசிக்குத்தான் வந்திருந்தார்; முப்பது வயது இருக்கும்.

“உங்களுக்கு?”

“ஆயிடுச்சு. ரெண்டு பிள்ளைங்க.”

“அப்புறம் எதுக்கு?”

மணமாகாதவளிடமும் அதே கேள்வி, மணமானவளிடமும் அதே கேள்வி! மணமாகாதவளுக்கு வேண்டியதில்லையாம், ஏனெனில் அவள் ஒழுக்கமானவள். மணமானவளுக்கும் வேண்டியதில்லையாம், ஏனெனில் அவளும் ஒழுக்கமானவள். வேண்டும் என்று கேட்டால் ஒழுக்கத்தில் ஐயம்! அப்படியென்றால் எந்தப் பெண் எந்த நாளில் இந்த ஊசியைக் கேட்கலாம்? முகூர்த்தத்துக்கு முன் மணவறையிலா?

நாய் கடித்தவன் ஓடிவருகிறான். அவனிடம் மணமாயிற்றா என்று கேட்பதில்லை. துருப்பிடித்த தகடு கிழித்த தொழிலாளிக்கு வில்வாத ஊசி, அவனிடமும் கேட்பதில்லை. மருத்துவமனைச் செவிலியர்க்கு மஞ்சள்காமாலை ‘பி’ வகைக்கான ஊசி போடுகிறார்கள். அந்தக் கிருமியும் உடலுறவால் பரவக்கூடியதே. ஆனால் இரத்தத்தாலும் பரவும் என்பதால், நாகரிகமாக இரத்தத்தை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். கருப்பைவாய் என்றதும் மட்டும் கேள்வி நோயைவிட்டு நடத்தைக்குத் தாவுகிறது. இதே வட்டாரத்தில் இன்னொரு வாயிலிலும் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதை மறக்க வேண்டா. கைப்பேசி ஆலை ஒன்றில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்று 2024 சூனில் செய்தி வெளியாகி, ஒன்றிய அரசு மாநில அரசிடம் விளக்கம் கேட்கும் அளவுக்குப் போயிற்று. ஆலை வாயிலில் மணமானவள் ஆகாதவள். ஊசி அறை வாயிலில் மணமாகாதவள் ஆகாதவள். தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போ, கட்டிக்கொண்டு ஊசிக்கு வா என்கிறார்கள் போலும்!

கிருமி தாலியை அறியாது. மணவாழ்வில் ஒருவனை அன்றி வேறொருவனை அறியாத பெண்ணுக்கும், அந்த ஒருவன் எத்தனை பேரை அறிந்தானோ அத்தனை பேரின் கிருமியும் வந்து சேரலாம். ஆணும் சுமக்கிறான், ஆணும் பரப்புகிறான். அவனுக்கும் வாயிலும் தொண்டையிலும் புற்று வர இக்கிருமி காரணமாகலாம். ஆயினும் 27 வயது ஆண் ஒருவன் அந்த மேசைமுன் நின்று இந்த ஊசியைக் கேட்டிருந்தால், விவரமறிந்த பையன் என்று பாராட்டியிருப்பார்களே தவிர, ‘எதற்கு?’ என்று கேட்டிருப்பார்களா? கற்பை ஒருபக்கச் சுவராக எழுப்பினோம். மறுபக்கம் திறந்தே கிடக்கிறது. கிருமி எந்தப் பக்கம் நுழைகிறது என்று கேட்டால் சுவரையே காவல் காக்கிறோம்.

மருத்துவர் அப்படிக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயது முதிர்ந்த பெண் மருத்துவர். தேவையான கேள்விகளைத் தேவையான அளவுக்குக் கேட்டார். 27-இல் பலன் 14-இல் உள்ள அளவு இராது என்றார். ஊசி போட்டாலும் 30 வயது தொட்டதும் சோதனைக்கு வர வேண்டும், அதைத் தவறவிடாதே என்றார். இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை, வீட்டுக்குப் போய் நினைத்துப் பார் என்றும் சொன்னார். அறைக்குள் கேட்டால் மருத்துவம். மேசையில் கேட்டால் வம்பு. ஒரே கேள்விதான்.

இந்தத் திருப்பெரும்புதூரில் பிறந்தவர் என்று சொல்லப்படுபவர் இராமானுசர். ஆசான் அடைத்துவைக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி ஊரறிய உரைத்தார் என்றொரு கதை. கதை கதையாகவே இருக்கட்டும்; மந்திரத்தால் ஒரு தும்மலும் தீராது என்பதும் இருக்கட்டும். ‘இது உனக்கு உரியதன்று’ என்ற சொல்லைக் கேட்டதும், ‘ஏன்?’ என்று கேட்ட ஒருவரின் கதையை இவ்வூர் மக்கள் ஆண்டுதோறும் தேரில் வைத்து இழுக்கிறார்கள். கேட்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

என் மாணவியிடம் இவ்வளவையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், நான் எதிர்பாராத ஓர் இடத்தில் நின்றாள். “அப்போ எங்க விடுதியிலேயே எல்லாருக்கும் போட்டுடச் சொல்லலாமே, டீச்சர்? கம்பெனியே செலவு பண்ணட்டும்.” நல்ல எண்ணம். உடனே ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கம்மம் நினைவுக்கு வந்தது.

2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமியர் பல்லாயிரவர்க்கு இதே நோய்க்கான ஊசியை ஆய்வுத் திட்டம் ஒன்றில் போட்டார்கள். கம்மத்தில் பலர் பழங்குடிச் சிறுமியர். விடுதியில் தங்கிப் படித்தவர். தந்தை, தாய் தொலைவில். படிவத்தில் ஒப்புதல் வேண்டுமே? விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டார்கள், ஆயிரக்கணக்கான படிவங்களில்! ஊசி பெற்றோரில் ஏழு சிறுமியர் பின்னர் இறந்த செய்தி எழுந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அச்சாவுகளுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணைக் குழு கண்டது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒப்புதல் பெற்ற முறை ஒழுங்கன்று என்று நாடாளுமன்றக் குழு 2013-இல் கடுமையாகச் சாடியது. நல்ல மருந்து, கெட்ட முறை. அந்த முறை, மருந்தின் பெயரையே பல ஆண்டு கெடுத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று: கையெழுத்திட்டவர்களில் என் தொழிலைச் செய்பவர்களும் இருந்தார்கள். ஊசி நன்று என்ற உறுதி இருந்திருக்கும் அவர்களுக்கு. என்னைப்போல் மேடையில் முழங்கியும் இருப்பார்கள். அந்த உறுதியே, பிள்ளையின் கையைத் தம் கையென்று எண்ணச் செய்தது.

எனவே மாணவியிடம் சொன்னேன்: “கம்பெனி செலவு செய்யட்டும், கேளுங்கள், சங்கம் வைத்துக் கேளுங்கள். ஆனால் விடுதிக் காப்பாளர் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கச் சொன்னால், நிற்காதே. என்ன ஊசி, எதற்கு, உன் வயதில் எவ்வளவு பலன், வேண்டாம் என்றால் வேலைக்கு இடையூறு வருமா — இத்தனையும் கேள். விடை வந்த பிறகு நீ கையெழுத்துப் போடு.” பதினான்கு வயதுச் சிறுமிக்கு இல்லாத ஒன்று இவளிடம் இருக்கிறது. உடல் அளவில் இவளுக்குக் காலம் சற்றுக் கடந்திருக்கலாம். சட்டத்தின் முன் இவளுக்குக் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. தந்தை வேண்டா, கணவன் வேண்டா, ஆசிரியையும் வேண்டா. தானே படித்து, தானே ஐயுற்று, தானே ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லலாம். அவள் ‘இல்லை’ என்று சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வருத்தத்தை நான்தான் சுமக்க வேண்டும், அவள்மேல் ஏற்றக்கூடாது.

அந்தத் தாய்க்கு இன்னும் விடை சொல்லவில்லை. அவருக்கு வயது 41. அவரிடம் ஊசியைப் பற்றிப் பேசுவது, உண்மையில், தவறான கதவைத் தட்டுவது. அவர் வயதுக்குப் பலன் மிக உள்ளது சோதனை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் செய்த ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் புளிக்காடித் திரவம் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை ஒருமுறை செய்ததற்கே, இந்நோயால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. 2007-இல் வெளிவந்த முடிவு. பெரிய கருவி இல்லை, பெருஞ்செலவு இல்லை. பயிற்சி பெற்ற செவிலி போதும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப நிலையங்களிலும் 30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை விலையின்றிக் கிடைக்கிறது. கிடைத்தும் போவதில்லை. ஏன்? நேரமில்லை, வெட்கம், ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்ற எண்ணம். முத்துலட்சுமி அம்மையார் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். அங்கே இந்நோயோடு வந்து சேரும் பெண்களில் பலர், நோய் முற்றிய பின்னரே வருகிறார்கள்.

மறுவாரம் அவரைத் தேடிப் போனேன், வீட்டுக்கு. நான் முதல் ஊசி போட்டுக்கொண்டுவிட்டேன் என்று சொன்னேன். தோள் இரண்டு நாள் வலித்தது என்பதையும் சொன்னேன். உங்களுக்கு ஊசியைவிடச் சோதனைதான் வேண்டியது என்று விளக்கினேன். தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டே கேட்டார். “பகல் வேலை வாரத்தில போறேன்” என்றார். போவாரா என்பது தெரியாது. மகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “நான் ஞாபகப்படுத்துறேன், மிஸ்” என்றாள்.

என் மாணவி அடுத்த சம்பளம் வந்ததும் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அறைத்தோழிகள் இருவரும் வருகிறார்களாம். வேலைமுறை மூவருக்கும் வேறு வேறு. ஒரே நாளில் மூவருக்கும் விடுப்புக் கிடைப்பதுதான் பெரும்பாடு என்கிறாள். நேற்று மாலை தொலைபேசியில் இன்னொரு ஐயம் கேட்டாள். மருத்துவமனைப் படிவத்தில் ‘தந்தை அல்லது கணவர் பெயர்’ என்று ஓர் இடம் இருக்குமே, அதில் என்ன எழுதுவது, ஊரில் அப்பாவுக்குத் தெரியவந்தால் என்ன ஆகும் என்று. நான் அங்கே ஒரு கோடு போட்டேன், மேசை அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். “கோடு மட்டும் போட்டா போதுமா, டீச்சர்?” என்று இரண்டு முறை கேட்டாள்.